முத்திரையிட்ட உறைக்குள் மொழி

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தை நான்கு வருடங்களாகப் படித்து வருகிறேன். மதுரையில் சட்டம் முடித்துவிட்டு, இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எல்லாம் ஐரோப்பிய வாடிக்கையாளர்கள். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர்தான். அலுத்துவிடும் என்று நினைத்தேன், பிடித்துப் போய்விட்டது. ஐரோப்பாவில் எல்எல்எம், பிறகு பிஎச்டி, அப்படியே ஆசிரியப் பணி என்று ஓர் ஆசை.

ஆனால் கல்லூரி நாளிலிருந்தே எனக்கு மொழி உரிமையில்தான் ஈடுபாடு. அந்தரங்க உரிமையையும் மொழி உரிமையையும் சேர்த்து ஓர் ஆய்வுத் திட்டம் எழுதி மூன்று பேரிடம் காட்டினேன். மூவரும் ஒரே மாதிரி, “இது இரண்டு விண்ணப்பம், ஒன்றைக் கிழித்துப் போடு” என்கிறார்கள். மொழி உரிமை சோறு போடாது என்பது என் மாமாவின் கட்சி. நீங்கள் இதே துறையில் அங்கே பல வருடங்கள் இருந்தவர். எதை விடட்டும்? வீட்டில் கல்யாணப் பேச்சும் ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

எம்., மதுரை

*

அன்புள்ள எம்.,

மாமா சொல்வது உண்மைதான். சோற்றைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் அந்த “இரண்டு விண்ணப்பம்” விஷயம்.

பிரஸ்ஸல்ஸில் ஒரு வங்கி வாடிக்கையாளர். அவர் பெயரில் ஓர் எழுத்தின் தலையில் ஒரு சின்ன ஒலிக்குறி உண்டு. வங்கியின் கணினி அதை விழுங்கிவிட்டு மொட்டையாக எழுதியது. அவர் ஜிடிபிஆரின் 16ஆம் பிரிவோடு போய் நின்றார். என்னைப் பற்றிய தகவல் தவறாக இருந்தால் திருத்து என்று கேட்க உரிமை தரும் பிரிவு, நீங்கள் தினம் பார்ப்பதுதான். எங்கள் மென்பொருள் 1995ஆம் ஆண்டுச் சரக்கு, எப்சிடிக் என்ற பழைய குறியீட்டில் ஓடுகிறது, அதில் அந்தக் குறிக்கு இடமே இல்லை, மாற்றப் போனால் மாதக்கணக்கில் ஆகும், செலவு வேறு என்று வங்கி கையை விரித்தது. தரவுப் பாதுகாப்பு ஆணையம் வாடிக்கையாளர் பக்கம் நின்றது. வங்கி மேல்முறையீட்டுக்குப் போய், 2019 அக்டோபர் 9 அன்று அங்கேயும் தோற்றது. ஒழுங்காக நடக்கும் வங்கி என்றால் ஆட்களின் பெயரைச் சரியாக எழுதத் தெரிந்த கணினி வைத்திருக்க வேண்டாமா என்பதுதான் நீதிமன்றம் சொன்னதன் சாரம்.

ஒரு குறிக்கு இத்தனை ரகளையா என்று கேட்பவர்களிடம் நான் முருகனைக் காட்டுவேன். இரண்டு உகரத்தையும் எடுத்துவிடுங்கள், மரகன். எந்தப் பழனி ஆண்டவருக்கும் கோபம் வரும்.

இது தரவுப் பாதுகாப்பு வழக்கா, மொழி வழக்கா? கோப்பின் மேல் எழுதியிருப்பது முதலாவது. அந்த மனிதர் போராடியது இரண்டாவதற்கு.

இன்னொன்று, வில்னியஸ். 2007இல் ஒரு கல்யாணம். மணமகள் லிதுவேனியாவின் போலிஷ் சிறுபான்மையைச் சேர்ந்தவர், மணமகன் போலந்துக்காரர், குடும்பப் பெயர் வார்டின். லிதுவேனிய நெடுங்கணக்கில் டபிள்யூ என்ற எழுத்து கிடையாது. ஆகவே ஒரே திருமணச் சான்றிதழில், வெளிநாட்டவரான கணவரின் வார்டினுக்கு டபிள்யூ, உள்நாட்டுக்காரியான மனைவியின் வார்டினுக்கு வி. தாளைப் பார்த்தால் இருவரும் ஒரே குடும்பமா என்று சந்தேகம் வரும். லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011 மே 12 அன்று தீர்ப்புச் சொன்னது. பெயர் என்பது ஒருவரின் அந்தரங்க வாழ்க்கையின் பகுதி என்பதை ஒப்புக்கொண்டது. அதே சமயம், அரசு தன் மொழியைக் காப்பதும் நியாயமான நோக்கம் என்றது. கடுமையான தொல்லை நேர்கிறதா என்பதை உள்நாட்டு நீதிமன்றமே பார்த்துக்கொள்ளட்டும் என்று பந்தைத் திருப்பி உருட்டிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றைக்கும் ஒப்புதல் இல்லை. டபிள்யூவைப் பெயர்களில் அனுமதிக்கும் சட்டம் அங்கே 2022 மே மாதம்தான் அமலுக்கு வந்தது.

உங்கள் திட்டத்தைப் படித்த மூவருக்கும் இரண்டு துறை தெரிந்திருக்கிறது, அவற்றுக்கு நடுவில் கிடக்கும் பொருள் தெரியவில்லை. அந்தப் பொருள் பதிவேடு. நான் யார் என்பதை யார் கேட்கலாம், யார் எழுதலாம், எழுதியதை யார் திருத்தலாம். ஐரோப்பாவில் அந்தரங்க உரிமைச் சட்டம் கணினியைக் கண்டு பயந்து மட்டும் பிறந்ததில்லை, பதிவேட்டைக் கண்ட பயமும் அதில் உண்டு. 1943 மார்ச் 27 இரவு ஆம்ஸ்டர்டாமில் ஓவியர் ஆரொண்டேயஸ், சிற்பி வான் டெர் வேன் முதலியோர் போலீஸ் வேஷம் போட்டுக்கொண்டு மக்கள் பதிவேட்டு அலுவலகத்துக்குள் நுழைந்து தீ வைத்தார்கள். ஒவ்வொரு குடிமகனின் அட்டையிலும் மதம் எழுதியிருந்தது. யூதர்களைப் பிடிக்க நாஜிகளுக்கு அந்த அட்டைகளே போதுமாக இருந்தன. தீயணைப்பு வீரர்கள் வந்து, தீ அணைந்த பிறகும் வேண்டுமென்றே தண்ணீரைப் பீய்ச்சி மிச்சத்தையும் ஊற வைத்ததாகச் சொல்வார்கள். தீ வைத்தவர்களில் பலரை அந்த ஜூலையிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

மதம் இருக்கும் இடத்தில் மொழியை வைத்துப் பாருங்கள். மூன்று ஊர், மூன்று பதில்.

டச்சும் பிரெஞ்சும் பேசும் பெல்ஜியம் கேட்பதையே நிறுத்திவிட்டது. மக்கள்தொகைக் கணக்கில் வரும் மொழிக் கணக்கை வைத்து ஒரு ஊராட்சியின் அலுவல் மொழியே மாறலாம் என்று 1932இல் சட்டம் போட்டிருந்தார்கள். பிறகு என்ன, கணக்கெடுப்பு ஓட்டெடுப்பு ஆகிவிட்டது. 1947 கணக்கை வெளியிட 1954 வரை தயங்கினார்கள். 1961இல் மொழிக் கேள்வியையே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள், அடுத்த இரண்டு வருடத்தில் மொழி எல்லையை வரைபடத்தில் கோடாகப் போட்டு முடித்தார்கள். பெல்ஜியத்தில் டச்சு பேசுவோர் எத்தனை பேர் என்பதற்கு அன்றிலிருந்து அதிகாரபூர்வமான எண் கிடையாது. தாய்மொழி என்ன என்று கணக்கெடுப்பாளர் கேட்டால் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லும் நம்மவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்.

ஜெர்மனியின் டென்மார்க் எல்லையில் வேறு கதை. 1955 மார்ச் 29 அன்று மேற்கு ஜெர்மனி அரசு வெளியிட்ட பான் பிரகடனம், தன்னை டேனிஷ் மக்களோடு சேர்த்துக்கொள்வது அவரவர் விருப்பம், அதிகாரிகள் அதை மறுக்கவும் கூடாது, சோதிக்கவும் கூடாது என்கிறது. கோபன்ஹேகன் தன் பக்கத்து ஜெர்மானியருக்கு அதே வாக்கைக் கொடுத்தது. நான் டேனிஷ் என்று ஒருவர் சொன்னால் சரி, அதற்கு மேல் கேள்வி கிடையாது.

வடக்கு இத்தாலியில் தெற்கு டைரோலில் கேட்பார்கள். கேட்டே ஆக வேண்டும். 1972 தன்னாட்சிச் சட்டப்படி அங்கே அரசு வேலைகளை ஜெர்மன், இத்தாலியன், லடின் என்ற மூன்று மொழிக் குழுவினருக்கும் அவரவர் விகிதத்தில் பங்கிட வேண்டும். அப்படியானால் ஒவ்வொருவரும் நான் இன்ன குழு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா? எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாள் மூடி ஒட்டிய உறையில் அதன் தலைநகர் போட்சென் நீதிமன்றத்தில் கிடக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்று வாங்கிக்கொள்ளலாம். நினைத்த மாத்திரத்தில் மாற்றிக்கொள்ள முடியாது. அப்பா ஜெர்மன், அம்மா இத்தாலியன் என்ற வீட்டுப் பிள்ளை பதினெட்டு வயதில் அந்த உறைக்குள் என்ன எழுதிப் போடும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மொழி உரிமைக்காரர்கள் அந்த உறையை உரிமையின் சாவி என்பார்கள். தரவுப் பாதுகாப்புக்காரர்களுக்கு அதைப் பார்த்தால் வியர்க்கும். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை, கருத்தரங்குகள் வேறு வேறு ஊரில் நடக்கின்றன. உங்களுக்கு நாற்காலி காலியாக இருப்பது அங்கேதான்.

இன்னும் வேண்டுமா? ஜிடிபிஆரின் 9ஆம் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். இனம், அரசியல் கருத்து, மதம், தொழிற்சங்கம், மரபணு, உடல்நலம் என்று தனிப் பாதுகாப்புத் தகவல்கள் வரிசையாக வரும். மொழி வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனமோ 21ஆம் பிரிவில் மொழியின் பெயரால் பாகுபாடு கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஜெர்மனியின் குடியேற்ற அலுவலகம் 2017 முதல், தஞ்சம் கேட்டு வருபவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, எந்த வட்டார வழக்கு என்று கணிக்கும் மென்பொருளை வைத்திருக்கிறது. பெரும்பாலும் அரபு வழக்குகள். ஏலே என்று ஒருவர் வாயெடுத்ததும் இன்ன ஊர் என்று நாம் கண்டுபிடிப்பது விளையாட்டு. அதையே ஒரு இயந்திரம் செய்து, இவன் சொல்லும் நாட்டுக்காரன் இல்லை என்று ஒரு விழுக்காட்டு எண்ணை அதிகாரியின் மேசையில் வைத்தால்? அந்த எண் என்ன வகைத் தகவல்? ஒரு பிஎச்டிக்கு இந்தக் கேள்வி ஒன்று போதும்.

மறுபக்கமும் உண்டு. 2021 ஜூலையில் டச்சுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் டிக்டாக்குக்கு 7,50,000 யூரோ அபராதம் போட்டது. திருட்டு, கசிவு எதுவும் இல்லை. அந்தரங்கக் கொள்கை அறிவிப்பை டச்சுக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் கொடுத்ததுதான் குற்றம். ஜிடிபிஆரில் எந்த மொழி என்று எங்கேயும் இல்லை, “தெளிவான, எளிய மொழி” என்பதோடு சரி. நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் ஒரு படி மேலே. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நடைமுறை எப்படி இருக்கும் என்பது வேறு பேச்சு. ஆனால் நேர்காணலில் இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைப்பார். எனக்குத் தெரிந்து அங்கே பலருக்கு இது செய்தி.

இப்போது சோறு. அந்தரங்க உரிமை என்ற வாசல் வழியாக உள்ளே போங்கள். 2018 மே 25க்குப் பிறகு லூவன், டில்பர்க், லைடன், பிரஸ்ஸல்ஸ் என்று அந்தத் துறைக்குத்தான் பணம் வருகிறது. ஆய்வு கைகூடாவிட்டாலும் தரவுப் பாதுகாப்பு அலுவலர் வேலையாவது கிடைக்கும். நெதர்லாந்தில் பிஎச்டி செய்பவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர், மாதச் சம்பளம், வழக்கமாக நான்கு வருடம். மொழி உரிமைக்கென்று முழு நேரமாக இயங்கும் இடங்கள் குறைவு. போட்செனில் ஒன்று, ஃபிளென்ஸ்பர்க்கில் ஒன்று, இரண்டும் நான் மேலே சொன்ன எல்லைப் பகுதிகளில் இருப்பவை. முடித்த பிறகு இரண்டு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே என்று சூட்கேஸ் வாழ்க்கை. கல்யாணப் பேச்சில் இதையும் சொல்லிவிடுங்கள், பின்னால் சண்டை வராது. ஜெர்மன் சட்டத் துறையில் நிரந்தர இடம் வேண்டுமென்றால் முனைவர் பட்டத்துக்கு மேல் இன்னொரு பெரிய ஆய்வு, பாடமும் ஜெர்மனில். அது வேறு மலை.

அதோடு ஒரு மொழி கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் போதும் என்பார்கள். மொழி உரிமைக் கருத்தரங்குகள்கூட முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, யாரும் சிரிப்பதில்லை. என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் 1968 பெல்ஜிய மொழி வழக்கைப் பற்றியது. டச்சுப் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழிப் பெற்றோர், பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் பள்ளிக்கூடம் கேட்டு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போன வழக்கு. பிள்ளையை வெளியூர் பள்ளிக்கு அனுப்பக் குடும்பம் பிரிகிறது, இது அந்தரங்க வாழ்க்கையில் தலையிடுவது என்றும் வாதிட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரே ஒரு புள்ளியில், எட்டுக்கு ஏழு என்ற கணக்கில், பெற்றோர் வென்றார்கள். நான் இரண்டு வருடம் பிரெஞ்சு மூலங்களாகப் படித்துத் தள்ளி அறுபது பக்கம் எழுதினேன். என் கைடு, டச்சு பேசும் ஃபிளெமிஷ்காரர், அடிக்குறிப்புகளை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதில் டச்சு மூலம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

கிழிக்கச் சொன்ன அந்தத் திட்டத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன். தலைப்பை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று, உடனே செய்ய வேண்டியது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். காலியாக இருந்தால், அங்கே என்ன வர வேண்டும் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்து, பட்டச் சான்றிதழோடு பொருத்திவிடுங்கள். நான் செய்யவில்லை. நகராட்சிக் கவுன்டரில் இருந்த பெண் என் இனிஷியல் எதைக் குறிக்கிறது என்று கேட்டார், அப்பா பெயர் என்றேன், அதையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார். திருத்தச் சொல்லும் உரிமையைப் பற்றி வகுப்பெடுக்கும் நான் அதைத் திருத்தவே இல்லை, சோம்பல்தான். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. துறையின் நடைபாதையில் இன்னமும் யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.