குறைந்த எடை எங்கிருந்து குறைந்தது? மிக மெல்லிய மடிக்கணினிகள் பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல ஆண்டுகளாக மடிக்கணினிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பது என் தொழில். ஒரு கிலோவை ஒட்டிய எடையுள்ள கணினிகளை வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு என் விடைகள் இவை.

கேள்வி (சாட்ஸ்வொர்த், மாணவி): அண்ணா, நான் நாள்தோறும் இரண்டு டேக்சி மாறி வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிறேன். என்னிடம் இருக்கும் கணினி 1.8 கிலோ. ஒரு கிலோவுக்கும் குறைவான ஒன்றைக் கடையில் தூக்கிப் பார்த்த பிறகு வேறெதுவும் மனத்துக்குப் பிடிக்கவில்லை. கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் அந்த எடை எதிலிருந்து குறைக்கப்பட்டது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மக்னீசியக் கலவையினுடையது ஏறத்தாழ 1.8 கிராம். உடற்பகுதியை அலுமினியத்திலிருந்து மக்னீசியத்துக்கு மாற்றி எடையைக் குறைத்திருந்தால், நீங்கள் இழப்பது பணமும், அழுத்தினால் சற்றே வளையும் மூடியின் விறைப்பும் மட்டும்தான். பேட்டரியைச் சிறிதாக்கி எடையைக் குறைத்திருந்தால் கதை வேறு. இன்றைய லித்தியம் அயன் செல்கள் கிலோவுக்குச் சுமார் 250 வாட் மணி ஆற்றலைச் சேமிக்கின்றன. ஆகவே 70 வாட் மணி பேட்டரியை 50 ஆகக் குறைத்தால் தயாரிப்பாளருக்கு மிச்சமாவது ஏறத்தாழ 80 கிராம். அந்த 80 கிராமுக்காக நீங்கள் மாலை வகுப்புக்குச் சார்ஜரைச் சுமந்துபோக நேரும். நம் நாட்டின் தடித்த மூன்று முனை பிளக்கும் அதன் வயரும் சேர்ந்த பழைய பாணிச் சார்ஜர், மிச்சமான எடையைப்போல் சில மடங்கு கனமாக இருக்கும்.

அதனால் கணினியை மட்டும் எடை போடாமல் பையை எடை போடுங்கள். சமையலறைத் தராசே போதும்: கணினி, சார்ஜர், வயர், போர்ட் பற்றாக்குறையைச் சமாளிக்க வாங்கும் ஹப் ஆகிய அனைத்தையும் ஒன்றாக வையுங்கள். 980 கிராம் என்று பெருமையாக விற்கப்படுவது பையில் ஒன்றரைக் கிலோவை நெருங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்களைப் போல் நாள்தோறும் சுமப்பவருக்கு, 60 வாட் மணிக்குக் குறையாத பேட்டரியுடன் 1.2 அல்லது 1.3 கிலோவில் கிடைப்பதையே நான் பரிந்துரைப்பேன். யு.எஸ்.பி. சி வழியாகச் சார்ஜ் ஆகிறதா என்று உறுதிசெய்துகொண்டால், கைப்பேசிக்கும் கணினிக்குமாக ஒரே சிறிய காலியம் நைட்ரைடு சார்ஜர் போதும்.

கேள்வி (பெனோனி, கணக்காளர்): மின்வெட்டு மீண்டும் வந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை. பெட்டியில் 15 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்த எண்ணை விட்டுவிட்டு வாட் மணியைப் பாருங்கள், ஐயா. பேட்டரியின் வாட் மணியைக் கணினி உண்ணும் வாட்டால் வகுத்தால் நேரம் வந்துவிடும். 50 வாட் மணி பேட்டரியில், திரையின் ஒளியைக் குறைத்து எழுத்து வேலை மட்டும் செய்து 6 வாட் செலவானால் எட்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். காணொளிக் கூட்டத்தில் 15 வாட் செலவானால் மூன்றேகால் மணி நேரம்தான். 2023-இல் நாம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்: ஒரு சுற்று வெட்டு இரண்டு மணி நேரம், சில இடங்களில் நான்கு. அதையும் ஒரு நல்ல மெல்லிய கணினி தாண்டிவிடும். ஆனால் வீட்டு ரூட்டர் முதல் நொடியிலேயே அணைந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரூட்டருக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ். வாங்கிவிடுங்கள், பேட்டரி பெரிய கணினிக்காகக் கொடுக்கும் கூடுதல் விலையைவிட அந்தச் செலவு பயனுள்ளது.

இன்னொன்று. மின்வெட்டுக்குப் பயந்து ஆண்டு முழுவதும் 100 விழுக்காட்டிலேயே சார்ஜில் போட்டுவைக்கும் பழக்கம், அதிலும் வெப்பத்தோடு சேரும்போது, பேட்டரியை விரைவில் முதுமையாக்குகிறது. மெல்லிய கணினியில் அந்தப் பேட்டரி தொடுதளத்தின் (டச்பேட்) கீழ் ஒட்டியே இருப்பதால், பேட்டரி வீங்கினால் தொடுதளத்தையே மேலே தூக்கிவிடுகிறது. சாதாரண நாட்களில் 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பை இயக்கிவையுங்கள். வெட்டு அட்டவணை வெளியானால் அன்று மட்டும் முழுவதும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், புகைப்படக் கலைஞர்): காவடித் திருவிழாக்களையும் திருமணங்களையும் படமெடுக்கிறேன். விசிறி இல்லாத மெல்லிய கணினியில் காணொளித் தொகுப்பு செய்யலாமா?

பதில்: ஒரு நிமிடக் காணொளிக்குச் செய்யலாம், மூன்று மணி நேரத் திருமணத்துக்கு வேண்டாம். இங்கேதான் விளம்பரமும் உண்மையும் அதிகமாகப் பிரிகின்றன. 15 வாட் என்று குறிக்கப்படும் ஒரு செயலி, வேலை வந்ததும் சில நொடிகளுக்கு 40, 50 வாட் வரைகூட ஏறும். கடையில் நீங்கள் காணும் வேகம் அந்தச் சில நொடிகளின் வேகம். அதன்பின் வெப்பம் வெளியேற வழி வேண்டும்; மெல்லிய உடலில் செப்புக் குழாயும் சிறியது, விசிறியும் சிறியது அல்லது விசிறியே இல்லை. ஆகவே செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 2020 நவம்பரில் வந்த, ஆப்பிளின் எம்1 செயலி கொண்ட மேக்புக் ஏர் (1.29 கிலோ, விசிறி இல்லை), அதே செயலியை விசிறியுடன் கொண்ட மேக்புக் ப்ரோ ஆகிய இரண்டையும் ஒப்பிட்டவர்களுக்கு இது தெரியும்: முதல் சில நிமிடங்களுக்கு இரண்டும் ஒன்றுபோல் ஓடும், நீண்ட வேலையில் ஏர் பின்தங்கும். எட்டு மணி நேரம் படமெடுத்துவிட்டு இரவில் தொகுப்பவருக்கு 400 கிராம் கூடுதல் எடை ஒரு பொருட்டல்ல. விசிறியும் எஸ்.டி. அட்டைக்கான துளையும் உள்ள 1.6 கிலோ கணினியை வாங்குங்கள்.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க்): உயரமான ஊரில் கணினி அதிகம் சூடாகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் அஞ்சத் தேவையில்லை. உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு; விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் எடுத்துச்செல்லும் வெப்பம் குறையும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் மிக மெல்லிய கணினி சற்று முன்னதாகவே வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. கடலோரத்தில் வாழும் எங்களுக்கு வேறு தொல்லை: உப்புக் காற்றை விசிறி உள்ளே இழுத்துத் துருவை வளர்க்கிறது. அந்த வகையில் விசிறி இல்லாத கணினி எங்களுக்கு ஒரு நன்மைதான்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): இப்போது 8 ஜிபி நினைவகத்துடன் (ரேம்) வாங்கி, பிறகு பணம் வந்ததும் கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: பெரும்பாலானவற்றில் முடியாது. நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்தால் இடமும் மின்சாரமும் மிச்சமாகும் என்பதால் மெல்லிய கணினிகள் அப்படித்தான் வருகின்றன. 2024-இல் வந்த இன்டெலின் லூனார் லேக் செயலிகளில் அது செயலியின் பொதிக்குள்ளேயே சென்றுவிட்டது. இந்தப் போக்கு புதிதன்று: 2008 ஜனவரியில் உறையிலிருந்து எடுத்துக் காட்டப்பட்ட முதல் மேக்புக் ஏரிலேயே 2 ஜிபி பற்றவைக்கப்பட்டிருந்தது, யு.எஸ்.பி. போர்ட்டும் ஒன்றே ஒன்றுதான். வாங்கும் நாளிலேயே 16 ஜிபி எடுங்கள். அதற்குப் பணம் போதவில்லையென்றால் 200 கிராம் கனமான, திருகைக் கழற்றித் திறக்கக்கூடிய கணினியை எடுங்கள். சேமிப்பகத்தை மட்டும் பல மாதிரிகளில் மாற்ற முடியும்.

கேள்வி (டோங்காட், தமிழ் ஆசிரியை): ஞாயிறு வகுப்புக்குத் தமிழில் பாடங்கள் தட்டச்சு செய்கிறேன், கோவில் மண்டபத்தில் பழைய புரொஜெக்டர் இருக்கிறது. மெல்லிய கணினி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அந்தப் புரொஜெக்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் இருந்தால், எந்த மெல்லிய கணினி வாங்கினாலும் ஒரு மாற்றி தேவைப்படும், அம்மா, இரண்டு வாங்கி ஒன்றை மண்டபத்து அலமாரியிலேயே வைத்துவிடுங்கள், ஏனென்றால் அது மறக்கப்படுவதற்கென்றே பிறந்த பொருள். தட்டச்சுக்கு, விசை அழுந்தும் ஆழத்தைக் கவனியுங்கள். பழைய அலுவலகக் கணினிகளில் 1.8 மில்லிமீட்டர் இருந்தது. மெல்லியவற்றில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வந்துவிட்டது. கடையில் நின்றபடி நான்கு சொல் அடித்துப் பார்ப்பது போதாது, உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.

கேள்வி (மெரிபேங்க், ஓய்வுபெற்றவர்): கண் மங்குகிறது. எடையும் குறைவாக வேண்டும்.

பதில்: எல்ஜி கிராம் வரிசையில் 17 அங்குலத் திரை 1.35 கிலோவில் வருகிறது. உங்கள் மேசைக்கு அது பொருந்தும். பைக்குள் பொருந்துமா என்று அளந்து பாருங்கள்.

கேள்வி (லெனேசியா): சென்னையிலிருந்து வரும் உறவினர் விலை குறைவாக வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: மெல்லிய கணினி என்பதால்தான் தயங்கச் சொல்கிறேன். திரையின் கண்ணாடி, பேட்டரி, பலகை எல்லாம் நெருக்கி ஒட்டப்பட்டவை. நான் செய்யும் சிறு பழுதுகள் இவற்றில் அரிது, முழுப் பாகத்தையும் மாற்றுவதே வழக்கம். இங்கே கடையில் வாங்கினால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும்: ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருடையது. சென்னையில் வாங்கியதற்கு அந்தச் சட்டம் கைகொடுக்காது. தயாரிப்பாளரின் உத்தரவாதம் தென்னாப்பிரிக்காவிலும் செல்லுமா என்பதை, அந்த மாதிரியின் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டுப் பதில் பெற்ற பிறகே உறவினருக்குப் பணம் அனுப்புங்கள்.