அப்பாவின் கார்: பழுது பார்ப்பதா, விற்பதா?

கேள்வி: என் தந்தை 2013 ஜூன் மாதம் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட் காரைத் தம் கடைசிக் காலம் வரை அவரே ஓட்டினார். கடந்த ஜனவரி 12 அன்று அவர் காலமானார். மார்ச் 5 அன்று நான் அந்தக் காரில் திண்டுக்கல் அருகே சிக்னலில் நின்றிருந்தபோது, பின்னால் வந்த லாரி மோதித் தள்ளியதில், கார் முன்னே நின்ற பேருந்தில் இடித்து இருபுறமும் நசுங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஒர்க் ஷாப்பில் 1,92,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். நவம்பர் வரை நடப்பில் உள்ள முழுக் காப்பீட்டுப் பாலிசியில் காரின் மதிப்பு 2,10,000 ரூபாய். பாலிசியும் ஆர்.சி.யும் இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பதால் கிளெய்ம் கிடைப்பது சந்தேகம் என்று காப்பீட்டு நிறுவனத்தில் சொல்கிறார்கள். லாரி உரிமையாளர் 25,000 ரூபாய் தருவதாகவும், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதித் தர வேண்டும் என்றும் கேட்கிறார். பழைய கார் வியாபாரி ஒருவர் இருக்கும் நிலையிலேயே 65,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அம்மாவுக்குக் காரை விட மனமில்லை; அந்த மனத்துக்குச் சட்டம் ஏதாவது விலை தருமா? அக்கா வீட்டுக்காரர் விற்றுவிடச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் பழுது பார்ப்பதா விற்பதா என்பதே பெரிய கேள்வியாக நிற்கிறது. ஆனால் இன்றைய நிலையில் காரை விற்பதற்கு உங்களுக்கோ உங்கள் தாயாருக்கோ தனியாக அதிகாரம் இல்லை. எனவே வியாபாரியிடமும் லாரி உரிமையாளரிடமும் எந்தத் தாளிலும் கையெழுத்திடாமல், காரின் உரிமையையும் காப்பீட்டுக் கோரிக்கையையும் முதலில் பத்திரப்படுத்துங்கள். உங்களுக்கு ஏப்ரல் 12 வரைதான் அவகாசம் இருக்கிறது.

அந்தத் தேதிக்குக் காரணம் பாலிசிக்குள்ளேயே இருக்கிறது. தனியார் கார்களுக்கான பொதுவான காப்பீட்டு ஒப்பந்தத்தில், காப்பீடு பெற்றவர் இறந்துவிட்டால் பாலிசி உடனே காலாவதி ஆகாது என்றும், இறந்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் வரையோ பாலிசி முடியும் வரையோ, எது முந்தியதோ அதுவரை, அது செல்லும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. விபத்து அந்த மூன்று மாதங்களுக்குள், ஐம்பத்திரண்டாம் நாளில் நடந்திருக்கிறது. ஆகவே உரிமையாளர் உயிரோடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிறுவனம் கோரிக்கையை நிராகரிக்க முடியாது. கவுன்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்துக் கவலைப்படாமல், அவர்களுடைய நிலைப்பாட்டை எழுத்தில் கேளுங்கள்; எழுத்தில் கேட்டவுடன் பல சந்தேகங்கள் தாமாகவே தீர்ந்துவிடுவதை வழக்கறிஞர்கள் பலரும் பார்த்திருக்கிறோம். அதோடு, இறப்புச் சான்றிதழ், வாகனம் உங்கள் குடும்பத்துக்கு உரியது என்பதற்கான ஆவணம், அசல் பாலிசி ஆகியவற்றுடன் பாலிசியை வாரிசு பெயருக்கு மாற்றக் கோரும் விண்ணப்பத்தை ஏப்ரல் 12-க்கு முன்பாகவே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.யைப் பொறுத்தவரை, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 56-ஆம் விதிப்படி, உரிமையாளர் இறந்த முப்பது நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் தந்துவிட்டு மூன்று மாதங்கள் வரை வாகனத்தை வாரிசு பயன்படுத்தலாம். அந்த மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முப்பது நாள் தகவலை நீங்கள் கொடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. கொடுக்காமல் விட்டிருந்தால், என் கருத்தில் அது அபராதத்துக்கு உரிய தவறே தவிர, பாலிசியையே செல்லாததாக்கும் தவறு அன்று. ஆனாலும் படிவம் 31-ஐயும் தாமதித்தால் நிறுவனத்தின் கையில் நீங்களே ஒரு வாதத்தைக் கொடுத்ததாகிவிடும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு இன்றே விண்ணப்பியுங்கள். சான்றிதழ் வரத் தாமதமானாலும் விண்ணப்ப ரசீதை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் காட்டலாம். உங்கள் குடும்பம் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று கொண்டால், தந்தை உயில் எழுதாத நிலையில், தாயார், நீங்கள், அக்கா மூவரும் சம பங்கு உரிமையாளர்கள். தந்தையின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே ஆலோசனை சொல்வது அக்கா வீட்டுக்காரராக இருந்தாலும், சம்மதக் கையெழுத்து அக்காவுடையதாக இருக்க வேண்டும். யார் பெயருக்குக் கார் மாற வேண்டுமோ அவருக்கு ஆட்சேபனை இல்லை என மற்றவர்கள் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிடுவது, காப்பீட்டுத் தொகையைப் பெறும்போதும் பயன்படும். வங்கிக் கடன் என்றோ அடைந்திருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால் படிவம் 35 தேவைப்படும்.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். பழுதுச் செலவு பாலிசி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பாகக் கருத வேண்டும் என்பது விதி. 2,10,000-இல் 75 சதவீதம் 1,57,500. எஸ்டிமேட் 1,92,000. அப்படியானால் முழு இழப்புதானே என்று தோன்றும். ஆனால் அந்த விதியில் பழுதுச் செலவு என்பது ‘பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்ற சொற்களோடு வருகிறது. தேய்மானக் கழிவு போக நிறுவனம் உண்மையில் தர வேண்டிய தொகையையே 75 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டும் என்று நிறுவனங்கள் அதற்குப் பொருள் கொள்கின்றன.

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டை அந்தக் கண்ணோடு பார்த்தேன். உலோக, பிளாஸ்டிக் பாகங்கள் 1,10,000, கண்ணாடி 8,000, டிங்கரிங் உள்ளிட்ட கூலி 42,000, பெயின்டிங் 32,000. பத்து ஆண்டுகளைத் தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்குப் பாதி தேய்மானம். பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குக் காரின் வயது எதுவானாலும் பாதி. ஆக 55,000 கிடைக்கும். கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவு இல்லை. பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியை, அதாவது 4,000 ரூபாயைக் கழிப்பார்கள். 1500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கான கட்டாயக் கழிவு 1,000 ரூபாயும் போக, நிறுவனத்தின் பொறுப்பு 1,32,000. உங்கள் கையிலிருந்து 60,000. இந்தக் கணக்கின்படி முழு இழப்பு எல்லைக்கு இன்னும் 25,500 ரூபாய் குறைகிறது.

அந்த 25,500 ரூபாயை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எஸ்டிமேட் காரைப் பிரிக்காமல், வெளியிலிருந்து பார்த்துப் போட்டது. பின்னாலும் முன்னாலும் ஒரே நேரத்தில் அடி வாங்கிய காரில் லாங் மெம்பர் (காரின் அடிச்சட்டத்தில் நீளவாக்கில் ஓடும் உலோகச் சட்டம்) வளைந்திருக்கிறதா என்பது பம்பரையும் டிக்கித் தரையையும் கழற்றிய பிறகே தெரியும். ஆகவே சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் முன்னிலையில் காரைப் பிரித்து, மறைந்திருக்கும் சேதங்களுக்குத் துணை எஸ்டிமேட் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பிரித்த நிலையில் புகைப்படங்கள் எடுங்கள். சர்வேயர் வராமல் பிரித்துவிட்டால் நாளை அந்தச் சேதமே விபத்தில் வந்ததல்ல என்பார்கள். துணை எஸ்டிமேட்டால் நிறுவனத்தின் பொறுப்பு 1,57,500 ரூபாயைத் தாண்டினால் கார் முழு இழப்பாகிறது. அப்போது பாலிசி மதிப்பில் மேலும் தேய்மானம் கழிக்காமல், கட்டாயக் கழிவு மட்டும் போக 2,09,000 ரூபாய் தர வேண்டும். சிதைந்த காரை நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் மதிப்பைக் கழித்துக்கொள்வார்கள். எல்லையைத் தாண்டாதபோது, பழுது பார்த்துக் கொடுப்பதா, பணமாகத் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பாலிசியின்படி நிறுவனத்துக்கே உண்டு, உங்களுக்கு இல்லை. பழுது பார்க்காமல் பணமாகக் கேட்டால் பெரும்பாலும் 1,32,000 ரூபாயைவிடக் குறைத்தே பேசுவார்கள்.

லாரி உரிமையாளர் தரும் 25,000 ரூபாயை வாங்கிக்கொண்டு அவர் கேட்பதுபோல் எழுதித் தந்தால் இரண்டு இழப்புகள் உண்டு. உங்களுக்குத் தொகை தரும் காப்பீட்டு நிறுவனம் அதை லாரித் தரப்பிடமிருந்து மீட்கும் உரிமை பெறுகிறது. அந்த உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டால் உங்கள் கிளெய்மையே மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கும். அடுத்து, உங்கள் கைச்செலவான 60,000 ரூபாயை லாரித் தரப்பிடம் கேட்கும் வழியும் அடைபட்டுவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 165-ஆம் பிரிவின்படி மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்பதால் விரும்பினால் உரிமையியல் நீதிமன்றத்துக்கும் போகலாம். விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்று 166(3) பிரிவு சொல்வதால், செப்டம்பர் 5-ஐக் கடைசி நாளாகக் கொள்ளுங்கள். ஒரே இழப்புக்கு இரு இடத்தில் ஈடு பெற முடியாது. ஆகவே உங்கள் நிறுவனத்திடம் பணம் பெறும்போது, கிடைக்காத மீதியை லாரித் தரப்பிடம் கோரும் உரிமைக்குப் பாதகமின்றிப் பெறுகிறேன் என்று எழுதியே கையெழுத்திடுங்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்தியிருந்தால் முதல் தகவல் அறிக்கையாகப் பதியக் கேளுங்கள். லாரியின் பதிவு எண், பாலிசி விவரம் அதில் இடம்பெறுவது அவசியம்.

அம்மாவின் மனத்துக்குச் சட்டம் விலை தருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் 1962-இல் ஓ’கிரேடி என்பவரின் வழக்கில், அவர் செல்லப் பெயர் வைத்துப் போற்றிய 1938-ஆம் ஆண்டின் எம்.ஜி. காருக்கு, சந்தை மதிப்பை மிஞ்சிய பழுதுச் செலவையும் நீதிமன்றம் தரச் சொன்னது. அடுத்த ஆண்டே டார்பிஷயர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதுபோல வேறு வண்டி சந்தையில் கிடைக்கும்போது, விருப்பத்துக்காக இருமடங்குக்கு மேல் செலவு செய்து பழுது பார்த்தவர் அந்தக் கூடுதலை எதிராளியிடம் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பொதுவாகப் பின்பற்றப்படுவது இரண்டாவது வழிதான். நம் தீர்ப்பாயங்களிலும் ஸ்விஃப்ட் போல எங்கும் கிடைக்கும் காருக்குப் பாசத்தின் பேரில் கூடுதல் தொகை எதிர்பார்க்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் வைத்து என் கருத்து இது. பிரித்துப் பார்த்ததில் லாங் மெம்பர் நேராக இருந்தால் பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 60,000 ரூபாய் செலவில், அதிலும் ஒரு பகுதி திரும்பி வரும் வாய்ப்போடு, அம்மா விரும்பும் கார் வீட்டில் இருக்கும். 2028 ஜூன் வரை பதிவும் இருக்கிறது. லாங் மெம்பர் வளைந்திருந்தால் முழு இழப்பாகவே வலியுறுத்திக் காரை நிறுவனத்திடம் விட்டுவிடுங்கள். அடித்து நேராக்கிய அடிச்சட்டத்தின்மேல் அம்மாவை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வியாபாரியின் 65,000 ரூபாய் இந்த இரண்டுக்கும் கீழே நிற்கிறது. முடிவெடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒர்க் ஷாப்பில் பார்க்கிங் கட்டணம் கேட்கக்கூடும் என்பதையும், அநாவசியத் தாமதத்தால் ஏறும் செலவை யாரும் ஈடுகட்ட மாட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பெயர் மாற்றம் முடிந்து, பின்னொரு நாள் விற்பதாக இருந்தால், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் வெற்றுக் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகக் கூறிவிட்டது. அந்த வழக்கில் வண்டி அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தும் பதிவில் இருந்தவரே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. வாங்குபவர் கேட்டால் விபத்தை மறைக்காதீர்கள். விபத்தே இல்லை என்று பொய் சொல்லி விற்றால் ஒப்பந்தச் சட்டப்படி அவர் விற்பனையை ரத்து செய்ய முடியும். உடைப்பதற்கே கொடுப்பதானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்யாமல் கொடுக்கக் கூடாது, ஏனெனில் சிதைந்த காரின் ஆர்.சி.யும் சேசிஸ் எண்ணும் திருட்டு வண்டிக்குப் போய்ச் சேர்ந்த வழக்குகள் நீதிமன்றங்களில் குறைவில்லை.

காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தாலோ சர்வேயர் சேதத்தை அநியாயமாகக் குறைத்தாலோ, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். சர்வேயர் அறிக்கையே இறுதி வார்த்தை அல்ல என்று 2009-இல் ஒரு லாரி விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; ஆனால் அதை மறுக்க உங்களிடம் பில்லும் புகைப்படமும் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள, காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அல்லது இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். அங்கே மனுதாரர்களாக வாரிசுகள் அனைவரையும் சேர்த்துவிடுங்கள்.