கேமராவுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்: ஒரு தண்டையார்பேட்டை அம்மாவுக்கு

நகையை இப்போதைக்கு வெளியே எடுக்காதீர்கள். எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கும் மகள், படிப்பை நிறுத்திவிட்டுப் பத்திரிகைக்குப் படம் எடுக்கப் போகிறேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசை சரிதான், அவசரம்தான் கூடாது. பட்டத்தை முடிக்கட்டும். அது கையில் இருந்தால் தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரி போன்ற இடங்களில் முதுநிலை டிப்ளமோவுக்கு முயலலாம். செலவு பிடிக்கும் படிப்பு அது, உதவித்தொகை பற்றி முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

ஓவியம் படித்தவருக்கு வெளிச்சமும் சட்டகமும் ஏற்கெனவே கைவந்திருக்கும். ஆனால் ஒரு பழக்கத்தை அவர் விட்டாக வேண்டும். கான்வாஸில் அழகைக் கெடுக்கும் மின்கம்பியை வரையாமல் விடலாம். செய்திப் படத்தில் அந்தக் கம்பியை அழித்தால் வேலை போய்விடும். 2014இல் ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம், இதழியலுக்கான புலிட்சர் பரிசு வென்ற தன் குழுவில் இருந்த ஒரு புகைப்படக்காரரோடு உறவை முறித்துக்கொண்டது. சிரியாவில் எடுத்த படமொன்றின் மூலையில் தெரிந்த வீடியோ கேமராவை அவர் நீக்கியிருந்தார், அவ்வளவுதான். 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க அண்ணா' என்று ஆளை நிற்க வைத்து, அது தானாக நடந்தது போலக் காட்டுவதும் இதே கணக்கில்தான் வரும்.

பயிற்சிக்கு எங்கும் போக வேண்டாம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. விடியற்காலை மீன் ஏலத்தை எல்லோரும் படம் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போகச் சொல்லுங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையைச் சரிசெய்வார்கள். வருமானம் இல்லாத அந்த நாட்களில் வீட்டுச் செலவு எப்படி ஓடுகிறது, மீன் விற்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரே குடும்பத்தைத் தொடர்ந்தாலே பத்துப் படங்களில் ஒரு கதை சொல்லலாம். எண்ணூரும் அப்படித்தான். 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது கேமராக்கள் குவிந்தன. அதன் பிறகு அந்தப் படகுகளும் வலைகளும் என்ன ஆயின என்று போய்ப் பார்ப்பவர்தான் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறார்.

இதற்குப் போன் கேமராவே போதும். கை பழகிய பிறகு, பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றக்கூடிய) கேமரா ஒன்றும் ஒரே ஒரு லென்ஸும் வாங்கிக் கொடுங்கள்.

கலை மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது படக்குறிப்பில். 'கடலின் மௌனம்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எந்த ஆசிரியர் குழுவுக்கும் அது உதவாது. படத்தில் இருப்பவர் பெயர், வயது, என்ன செய்கிறார், எந்த இடம், என்ன தேதி, ஏன் என்ற விவரம் வேண்டும். ஆகவே பையில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம். பெயரைக் கேட்கப் போனால் பேச்சு வளரும், அடுத்த படம் அந்தப் பேச்சிலிருந்துதான் கிடைக்கும். வேண்டாம் என்று கை காட்டினால் கேமராவை இறக்கிவிட வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதைப் போக்சோ சட்டமே தடுக்கிறது.

வருமானத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். பத்திரிகைகளில் நிரந்தர வேலை அரிது, தொடக்கத்தில் படத்துக்கு இவ்வளவு என்றுதான் தருவார்கள். கல்யாணம், காதுகுத்து எடுத்துச் சம்பாதிப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, பலரும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். நல்ல பத்துப் படங்கள் தேறியதும் படக்குறிப்போடு புகைப்பட ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். படம் வெளிவந்தால் பெயர் போடுவார்களா, எவ்வளவு தருவார்கள், அதே படத்தை வேறு இடத்துக்கும் கொடுக்கலாமா என்ற மூன்றையும் கூச்சப்படாமல் முன்னாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.