ஊசி போட்டா ஃப்ளூ வருமா டாக்டர்?

கேள்வி: டாக்டர், நான் டயாலிசிஸ் வார்டுல நர்ஸ். போன வருஷம் ஃப்ளூ ஊசி போட்ட மறுநாளே காய்ச்சல், உடம்பு வலி. இந்த வருஷமும் போடணுமாம். ஊசியாலதானே ஃப்ளூ வந்துச்சு? – ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லம்மா, அந்த ஊசில இருக்கறது செத்த வைரஸோட துண்டுதான், அது ஃப்ளூவைக் கொண்டு வராது, உடம்பு எதிர்ப்பு சக்தி தயார் பண்றப்போ ஒண்ணு ரெண்டு நாள் லேசா காய்ச்சல், கை வலி இருக்கும், எனக்கும் எடது கையைத் தூக்க முடியாம சட்டை மாட்டவே கஷ்டமாப் போச்சு. சரி, ஏன் வருஷா வருஷம்னா, வைரஸ் வேஷம் மாத்திக்கிட்டே இருக்கும், அதனால உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரி, செப்டம்பர்னு வருஷத்துக்கு 2 தடவை எந்த ரகம் சேர்க்கணும்னு சொல்லுது.

இருமல் வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே ஃப்ளூ பரவ ஆரம்பிச்சிடும், நீங்க நல்லாத்தானே இருக்கோம்னு குனிஞ்சு ட்யூப் மாட்டுவீங்க, கிட்னி போன அந்தப் பெரியவருக்கு அது நிமோனியால போய் நிக்கலாம். பேஷண்டையும் போட்டுக்கச் சொல்லுங்க. நம்ம ஊர்ல ஐப்பசி மழைக்கு முன்னாடி போட்டுடுங்க, ஊசி வேலை செய்ய 2 வாரம் ஆகும்.