மைக்கில் பேசியவர் ஒருவர், நோட்டீஸ் வாங்கியவர் இன்னொருவர்

கேள்வி: கேரளத்தின் தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த துணிக்கடைத் திறப்பு விழாவுக்கு மலையாள டி.வி. நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் வந்திருந்தார். ஸ்பீக்கர் பெட்டிகளை மேடையில் ஏற்றிவிட்டு ஓரமாக நின்ற சுமட்டுத் தொழிலாளர்களைக் காட்டி, ‘இந்தக் கறுத்த பாண்டிகளை என் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், எனக்கு விழ வேண்டிய வெளிச்சத்தையும் விழுங்கிவிடுவார்கள்’ என்று மைக்கிலேயே சொன்னார் (பாண்டி என்பது இங்கே தமிழர்களை இளக்காரமாகக் குறிக்கும் சொல்). கூட்டம் சிரித்தது. நான் எடுத்த 22 விநாடி வீடியோவை, நான் அட்மினாக இருக்கும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதோடு மூன்று வரி எழுதினேன்: ‘நம் ஊருக்கே வந்து நம் ஆட்களைக் கறுத்த பாண்டி என்கிறான். இந்த இனவெறி பிடித்தவனை இனி எந்தக் கடைக்காரரும் கூப்பிடக் கூடாது. ஷூட்டிங்கில் பெண்களிடம் இவன் எப்படி நடந்துகொள்வான் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.’ அது பல குழுக்களுக்குப் பரவி, அவருடைய இரண்டு நிகழ்ச்சிகள் ரத்தாகிவிட்டன என்கிறார்கள். குழுவில் ஒருவர் அவர் மனைவியின் போன் நம்பரையும் போட்டுவிட்டார். இப்போது எறணாகுளம் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது: வீடியோ வெட்டப்பட்டது, 15 நாளில் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வேண்டும், 50 லட்சம் நஷ்ட ஈடு தர வேண்டும். இளைஞர்களோ அவர் மீது வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களில் சிலர் பட்டியல் சாதியினர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். நான் என்ன செய்ய வேண்டும், வக்கீல் சார்?

பதில்: 50 லட்சத்தைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். நோட்டீஸில் எந்தத் தொகையையும் எழுதலாம்; அதையே வழக்காகப் போட்டால் தொகைக்கு ஏற்ற கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அங்கே பல ஐம்பது லட்சங்கள் சுருங்கிவிடும். எனக்குக் கவலை தருவது நீங்கள் எழுதிய மூன்றாவது வரி.

அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1க்கு முன்னால் அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்தது. அதிகபட்சம் இரண்டு ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. இந்தப் பிரிவுக்குப் பல விதிவிலக்குகள் உண்டு. ஆறாவது விதிவிலக்கையும் அதன் கீழ் உள்ள உதாரணங்களையும் 1860இல் எழுதியவர்கள் உங்கள் வாட்ஸ்அப் குழுவை நினைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். பொது இடத்தில் பேசுகிறவர் தன் பேச்சை மக்களின் தீர்ப்புக்கு வைக்கிறார். மேடையேறும் நடிகர் தன் நடிப்பை வைக்கிறார். ‘இவர் எழுதிய புத்தகம் ஆபாசமானது, இவர் மனம் அழுக்கானதாகத்தான் இருக்க வேண்டும்’ என்று நல்லெண்ணத்தோடு சொன்னால் குற்றமில்லை, ஏனென்றால் அந்தப் புத்தகத்தில் தெரிகிற அளவுக்குத்தான் அவர் குணம் எடை போடப்படுகிறது. ‘இவர் புத்தகம் ஆபாசமாக இருப்பதில் வியப்பில்லை, ஆளே ஒழுக்கங்கெட்டவர்தானே’ என்று சொன்னால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். புத்தகத்துக்கு வெளியே இருந்து ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

இப்போது உங்கள் மூன்று வரிகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வரி நீங்கள் காதால் கேட்டது, வீடியோவும் இருக்கிறது. உண்மை என்று நிரூபித்தால் சிவில் வழக்கில் அதுவே போதும். குற்ற வழக்கில் உண்மையோடு பொது நன்மையும் வேண்டும். நூறு பேர் நடுவில் கூலித் தொழிலாளர்களின் நிறத்தைக் கேலி செய்ததை ஊருக்குச் சொல்வதில் பொது நன்மை இருக்கிறது என்று வாதாட எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டாவது வரி அந்தப் பேச்சை வைத்து நீங்கள் சொன்ன கருத்து. ‘பிடித்தவன்’ என்ற ஏகவசனம் அழகில்லைதான், ஆனாலும் அந்தக் கருத்து மேடைப் பேச்சிலிருந்து பிறந்தது. கடைக்காரர்கள் அவரைக் கூப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்வதும் தவறில்லை. கூப்பிட்டால் கடையை உடைப்போம் என்று யாராவது சொல்லியிருந்தால்தான் வேறு கதை. மூன்றாவது வரிக்கு உங்களிடம் என்ன இருக்கிறது? ‘எல்லோருக்கும் தெரியும்’ என்பதைச் சாட்சிக் கூண்டில் ஏறி யாரும் சொல்ல மாட்டார்கள். கறுத்த பாண்டி என்று சொன்னதற்காக வந்த கோபத்தில், அவர் சொல்லாத, நீங்கள் பார்க்காத ஒன்றுக்கும் சேர்த்துத் தண்டித்துவிட்டீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் திறமைசாலி என்றால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இதை மட்டும்தான் பிடித்துக்கொள்வார்.

நோட்டீஸுக்குப் பதில் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் கொடுங்கள். நிபந்தனையற்ற மன்னிப்பு வேண்டாம். அது முதல் இரண்டு வரிகளையும் பொய் என்று நீங்களே ஒப்புக்கொள்வதாகிவிடும். வக்கீல் மூலம் அனுப்பும் பதிலோடு, அதே குழுவில் இப்படி ஒரு குறிப்புப் போடலாம்: ‘திறப்பு விழாவில் அவர் மைக்கில் சொன்னதை நேரில் கேட்டேன், அதைக் கண்டிக்கிறேன். பெண்களிடம் அவர் நடந்துகொள்வது பற்றி நான் எழுதிய வரிக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அதைத் திரும்பப் பெறுகிறேன், அதற்காக வருந்துகிறேன்.’ அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம், விளக்கம் எழுத ஆரம்பித்தால் மறுபடியும் ஏதாவது வந்துவிடும். பழைய பதிவை நீக்குவதற்கு முன்னால் தேதி, நேரம் தெரியும்படி அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுத்த போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். மின்னணு ஆவணத்துக்குப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் தர வேண்டும். அசல் போன் கையில் இருந்தால் சிரமம் குறையும். வீடியோ வெட்டப்பட்டது என்கிறார்களே, கடைக்காரர் அமர்த்திய வீடியோகிராபரிடம் முழு நிகழ்ச்சியும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அவர் சொன்னதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று முதலில் நீங்களே பார்த்துவிடுங்கள். தன் நிறத்தையே அவர் கேலி செய்துகொண்டிருந்தார் என்றால் வாதத்தின் வலு மாறும். இல்லையென்றால் உங்கள் கை ஓங்கும்.

குழுவில் மற்றவர்கள் எழுதியதற்கு அட்மின் பொறுப்பில்லை. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும், அதற்கு முன் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் ஏறத்தாழ ஒரே குரலில் சொல்லிவிட்டன. ஆனால் ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்ற சமாதானம் யாருக்கும் உதவாது. நடிகர் எஸ்.வி. சேகர் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறொருவர் எழுதியதை 2018இல் முகநூலில் பகிர்ந்தார். அனுப்பியவரும் பொறுப்பாளியே என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அடுத்த ஆண்டு விசாரணை நீதிமன்றம் தண்டனையும் விதித்தது. மனைவியின் போன் நம்பரை இன்றே நீக்குங்கள். அந்த அம்மா மேடையில் இல்லை, மைக்கும் பிடிக்கவில்லை. ஒருவரைத் திரும்பத் திரும்பப் போனில் தொல்லை செய்வது கேரள போலீஸ் சட்டத்தின் 120ஆம் பிரிவில் குற்றம். மிரட்டியிருந்தால் நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவும் சேரும். உங்கள் குழுவினர் யாராவது கூப்பிட்டிருந்தால் அவர்கள் தனியாக ஒரு வக்கீலைப் பார்க்கட்டும்.

இனி அவர் மீது வழக்கு. இன இழிசொல்லுக்கென்று தனிக் குற்றப் பிரிவு நம் நாட்டில் இல்லை. 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்த பிறகு அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. புதிய சட்டங்கள் எழுதப்பட்டபோதும் அது உள்ளே வரவில்லை. இருப்பது நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு: இனம், மொழி, பிறப்பிடம், சாதி போன்ற காரணங்களால் மக்கள் பிரிவுகளுக்கிடையே பகை வளர்ப்பது. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் அதற்குப் பகை மூட்டும் நோக்கம் வேண்டும். கைதட்டலுக்காக அடித்த கீழ்த்தரமான ஜோக் அதில் நிற்பது கடினம். அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றதும் உங்கள் இளைஞர்களுக்கு நினைவில் இருப்பது 2024 மார்ச்சில் கேரளத்தையே உலுக்கிய விவகாரமாக இருக்க வேண்டும். மோகினியாட்டக் கலைஞர் கலாமண்டலம் சத்தியபாமா, யூடியூப் பேட்டி ஒன்றில், ஓர் ஆண் மோகினியாட்டக் கலைஞரைக் காக்கை நிறம் என்று இழிவாகப் பேசினார். பெயரைச் சொல்லவில்லை, கலாபவன் மணியின் தம்பி ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணனைத்தான் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அவரே புகார் கொடுத்தார். முன்ஜாமீன் கேட்டுப் போன சத்தியபாமாவுக்கு உயர் நீதிமன்றம் ஜூனில் மறுத்துவிட்டது. நெடுமங்காடு சிறப்பு நீதிமன்றத்தில் ஆஜராகி ஜாமீன் பெற்றார். அதற்குள் ஊடகங்கள் தண்டனையே கொடுத்து முடித்திருந்தன. முன்ஜாமீன் மறுப்பு குற்றத் தீர்ப்பு அல்ல என்பதை அப்போது யாரும் கேட்கத் தயாராக இல்லை.

உங்கள் ஊர் நிகழ்ச்சி அதிலிருந்து இரண்டு இடங்களில் வேறுபடுகிறது. சத்தியபாமா பேசியது தனக்கும் துறைக்கும் தெரிந்த ஒரு கலைஞரைப் பற்றி. உங்கள் நட்சத்திரமோ அந்தத் தொழிலாளர்களை அன்றுதான் பார்த்தார். அவர்கள் சாதி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. 3(1)(எஸ்) பிரிவுக்குச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்க வேண்டும், அவர் சொன்னது சாதிப் பெயர் இல்லை. 3(1)(ஆர்) பிரிவுக்கு, பட்டியல் சாதியினர் என்ற காரணத்தால் அவமதித்திருக்க வேண்டும். கேரளத்திலிருந்தே போன, யூடியூப் சேனல் ஆசிரியர் ஷாஜன் ஸ்கரியாவின் வழக்கில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லி முன்ஜாமீன் கொடுத்தது. இழிவு இழிவுதான், ஆனால் எல்லா இழிவும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. வழக்குப் போட்டால் நிற்கும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை தர மாட்டேன்.

இன்னொரு சிக்கல் எல்லைப்புறத்துக்கே உரியது. பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பட்டியல். தமிழ்நாட்டில் சான்றிதழ் பெற்றவர் நடுப்புணி எல்லைச் சாவடியைத் தாண்டிவிட்டால் கேரளத்தில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. மூணாறு, பீர்மேடு தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பட்டியல் அறிவிக்கப்பட்ட 1950க்கு முன்பே இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் தேடிப் பல காலமாக அலைகின்றன. ஆனால் வன்கொடுமையிலிருந்து பாதுகாப்பு வேறு விஷயம். பிறந்த மாநிலத்தின் எல்லையோடு அந்தப் பாதுகாப்பு நின்றுவிடாது என்று 2023 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. கேரள நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டி வாதாடலாம். எனவே ‘பொள்ளாச்சிச் சான்றிதழ் இங்கே செல்லாது’ என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பினால் அதோடு திரும்பி வர வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் தேடிக் காணாதது ஒன்று உண்டு. அந்தத் தொழிலாளர்கள் என்ன சொல்கிறார்கள்? இளைஞர்கள் வழக்கு என்கிறார்கள், நீங்கள் பதிவு போட்டீர்கள், அவர் நோட்டீஸ் விட்டார். பெட்டி தூக்கியவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் அதே கடையில் சரக்கு இறக்கி அவர்கள்தான் பிழைக்க வேண்டும். அவர்களில் ஒருவர் தானாக முன்வந்தால் மட்டும் புகார் கொடுக்கலாம், நீங்கள் சாட்சி. கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனில் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. மலையாளத்தில் எழுதி வா என்று சொன்னால் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சித்தூர் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். வழக்கு வேண்டாம், மேடையில் சொன்னதற்கு மேடையிலேயே வருத்தம் தெரிவித்தால் போதும் என்று அவர்கள் சொன்னால், அதையும் உங்கள் பதில் நோட்டீஸில் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கலாம். நட்சத்திரத்தின் வக்கீலுக்கும் அது பிடிக்கும் என்றே நினைக்கிறேன். நிகழ்ச்சிகள் ரத்தாகிக்கொண்டிருக்கும்போது வருடக்கணக்கில் வழக்கு நடத்த எந்தக் கலைஞருக்கும் ஆசை இருக்காது.

எழுத்து அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட அவருக்கு ஓராண்டு, குற்றப் புகாருக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. குற்றப் புகார் போனாலும் போலீஸ் நேரே வீட்டுக்கு வந்து கைது செய்யாது. மாஜிஸ்திரேட் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியும். நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் 15 நாள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது உறை, வீடியோ எடுத்த போன், குழுவில் எடுத்து வைத்த படங்கள் மூன்றையும் கொண்டு போங்கள்.