பழைய கார் கேள்வி-பதில்: பாயிண்ட் தேய்ந்தால் டைமிங்கும் தள்ளும்

என்னுடையது 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடர். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை இழுவை குறைந்துவிடுகிறது. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் சரியாகிறது, பிறகு பழையபடிதான். இதை நானே பார்க்க முடியுமா?
— வாசகர், கோவில்பட்டி

பார்க்கலாம். உங்கள் மெக்கானிக் விளைவைச் சரிசெய்கிறார், காரணத்தை விட்டுவிடுகிறார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரன்ட்டை மூடித் திறக்கும் சுவிட்ச்தான் சி.பி. பாயிண்ட். அதன் ஃபைபர் ஹீல் (அடிமுனை), ஷாஃப்டில் நான்கு மேடு கொண்ட கேமில் உரசி உரசித் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும். பாயிண்ட் திறப்பது தாமதமாகும். அதனால் டைமிங் ரிடார்ட் ஆகும், அதாவது பொறி தாமதமாக விழும். நான்கு சிலிண்டர் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில், ஒரு சிலிண்டருக்குரிய 90 டிகிரியில் பாயிண்ட் ஏறத்தாழ 60 டிகிரி மூடியிருக்க வேண்டும். இந்த டுவெல் 3 டிகிரி கூடினால் கிராங்கில் டைமிங்கும் கிட்டத்தட்ட 3 டிகிரி பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் அந்த 3 டிகிரி திரும்பக் கிடைக்கும், ஆனால் குறுகிய இடைவெளி அப்படியே இருக்கும். பொறி பாயிண்ட்டிலேயே தாவி முகத்தைக் கரிக்கும். ஆகவே முதலில் இடைவெளி, அடுத்து டைமிங். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலை வீண்.

கேப்பையும் ரோட்டரையும் கழற்றுங்கள். ஹேண்டில் போட்டோ, டாப் கியரில் வண்டியைத் தள்ளியோ என்ஜினைச் சுற்றி, ஹீல் கேமின் உச்சியில் ஏறும்படி நிறுத்துங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் சுற்றுவது சுலபம். இடைவெளி 14 முதல் 16 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்), அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ. புது பாயிண்ட் என்றால் 0.40-லேயே வையுங்கள், புது ஹீல் ஆரம்பத்தில் வேகமாகத் தேய்ந்து படியும். ஸ்க்ரூவை இறுக்கும்போது தட்டு நகரும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம். ஃபீலர் கேஜில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள். அது முகத்தில் ஒட்டினால் எரிந்து கரியாகும்.

பழைய பாயிண்ட்டில் ஒரு முகத்தில் மேடும் எதிர்முகத்தில் குழியும் விழுந்திருந்தால் கேஜ் மேட்டின் மேல் நின்று பொய் சொல்லும்; உண்மை இடைவெளி அதைவிடப் பெரிது. மேட்டைப் பாயிண்ட் அரத்தால் நீவுங்கள், எமரி பேப்பர் வேண்டாம், துகள் முகத்தில் பதிந்துவிடும். (பட்டறையில் ‘பிளாட்டினம்’ என்று கேட்டு வாங்குகிறோமே தவிர, அந்த முகம் டங்ஸ்டன்.) குழி ஆழமென்றால் மாற்றிவிடுவதே மேல். கேமில் கிரீஸ் பூச்சு மெல்லியதாகப் போதும். அதுவும் இல்லாமல் காய்ந்த கேம்தான் ஹீலைச் சீக்கிரம் தின்கிறது. மூன்று மாதக் கணக்கைப் பார்த்தால் உங்கள் வண்டியில் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

நான்கு உச்சியிலும் இடைவெளியை அளந்து பாருங்கள். 2 தவ்வுக்கு மேல் வித்தியாசம் இருந்து, ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டமும் தெரிந்தால் புஷ் போய்விட்டது. அதை மாற்றாமல் எந்த டைமிங்கும் நிலைக்காது.

இனி டைமிங். ரேடியேட்டர் பக்கத்துச் சிலிண்டர்தான் முதலாவது. அதன் பிளக் துளையில் விரலை வைத்தால் காற்று தள்ளும் சுற்றில், புல்லி வெட்டை உங்கள் மாடலின் கையேடு சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் பின்னோக்கிச் சுற்றி நிறுத்தாதீர்கள், செயினின் தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும். நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள். ரோட்டர் முதல் சிலிண்டர் ஒயரைப் பார்க்க வேண்டும். எரியும் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்பைக் கோத்து இக்னிஷனை ஆன் செய்யுங்கள். கிளாம்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசையில் பல்பு அணையும்வரை திருப்பி, பிறகு எதிர்த்திசையில் மெல்ல நகர்த்துங்கள். பல்பு பற்றும் அந்த நொடியே பொறி நொடி. அங்கேயே இறுக்குங்கள். வேலை முடிந்ததும் இக்னிஷனை அணைக்க மறந்தால் காயில் வெந்துவிடும்.

சாலையில் டாப் கியரில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். லேசாக நாக்கிங் கேட்டு உடனே மறைந்தால் சரி. தொடர்ந்து கேட்டால் சற்று ரிடார்ட் செய்யுங்கள். 800 கி.மீ. ஓடியதும் இடைவெளியை மறுபடி பார்க்கவும், பிறகு 5000 கி.மீ.க்கு ஒருமுறை போதும்.

மோரிஸ் மைனருக்குப் புது பாயிண்ட் போட்டேன். அதன்பிறகு பொறியே வரவில்லை.
— வாசகர், யாழ்ப்பாணம்

மேலே சொன்ன பல்பை அதேபோல் கோத்து என்ஜினைச் சுற்றுங்கள். உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த் என்றாலும் பல்புக்கு அது பொருட்டில்லை. காயிலுக்குக் கரன்ட் வந்தும் பல்பு எரியவே இல்லை என்றால் எங்கோ எர்த் ஆகிறது. இரண்டு துண்டாக வரும் பாயிண்ட்டில் வழக்கமாக நடக்கும் பிழை இது: கண்டென்சர் ஒயரும் டெர்மினல் ஒயரும் பாயிண்ட் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும்; தூணையோ தட்டையோ தொடக்கூடாது. பிளாஸ்டிக் வாஷர் வரிசை மாறினால் தொட்டுவிடும். பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் முகங்கள் கரன்ட்டைக் கடத்தவில்லை. துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

ஐடிலில் நன்றாக ஓடுகிறது. வேகம் எடுக்கும்போது மட்டும் மிஸ்ஸிங். கார்புரேட்டரை இரண்டுமுறை கழுவியாயிற்று.
— வாசகர், மதுரை

கார்புரேட்டரை விடுங்கள். கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேகுவம் பைப்பைக் கழற்றி, கார்புரேட்டர் முனையை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் நின்றால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. வேகுவம் இழுக்கும்போது பாயிண்ட் தட்டு நகரும், கூடவே இரண்டு சிறு ஒயர்களும் வளையும்: ஒன்று டெர்மினலிலிருந்து வருவது, மற்றொன்று தட்டின் எர்த். வெளி உறை நன்றாக இருக்க, உள்ளே இழை அறுந்திருக்கும். மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீளும் ஒயர்தான் குற்றவாளி. மாற்றும்போது பல இழை கொண்ட மெல்லிய ஒயரையே போடுங்கள்.

மாதம் ஒரு பாயிண்ட் எரிகிறது. கண்டென்சரை மாற்றியும் பயனில்லை.
— வாசகர், சேலம்

காயிலின் பிரைமரியை ஓம் மீட்டரால் அளங்கள். பாலாஸ்ட் (காயிலுக்கு முன் கரன்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) இல்லாத வண்டிக்கு ஏறத்தாழ 3 ஓம் காயில் வேண்டும்; 4 ஆம்பியர்தான் ஓடும். பாலாஸ்ட்டோடு போட வேண்டிய 1.5 ஓம் காயிலை யாராவது நேராக மாட்டியிருந்தால் 8 ஆம்பியர் ஓடும், எந்தப் பாயிண்ட்டும் தாங்காது. காயில் சரியென்றால், என்ஜின் வேகமாக ஓடும்போது பேட்டரி வோல்ட்டை அளங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்கவும்.