மன அழுத்தம் உடம்பை வாட்டுமா?

கேள்வி: கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். மார்ச் மாதம் நெருங்கினாலே வயிறு எரிகிறது. பின்னிரவில் விழிப்பு வந்துவிடுகிறது. சிறு சொல்லுக்கும் கோபம் வருகிறது. பரிசோதனைகளில் குறை ஏதும் இல்லை என்கிறார்கள். எல்லாம் என் கற்பனைதானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கற்பனை இல்லை, சகோதரி. நெருக்கடி நேரும்போது, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் முதலில் அட்ரினலினையும், பின்னர் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஏவலால் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனையும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, சர்க்கரை ஏறுகிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. சில நிமிட ஆபத்திலிருந்து தப்புவதற்கு இது அருமையான ஏற்பாடு. வாரக்கணக்கில் நீடித்தால்தான் கேடு. கார்ட்டிசால் நள்ளிரவை ஒட்டிக் குறைந்து, விடியலை நோக்கி உயரும் இயல்புடையது. அந்த நேரத்தில் தூக்கமும் மெலிந்திருப்பதால், கவலை சுமப்பவர்கள் எளிதில் விழித்துக்கொள்கிறார்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் கோபம் மிகுவதில் வியப்பில்லை.

1936-இல் கனடாவின் மொன்றியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்னும் ஆய்வாளர் எலிகளைக் குளிருக்கும் காயத்துக்கும் மிகை உழைப்புக்கும் ஆளாக்கியபோது, காரணம் எதுவானாலும் அட்ரினல் பெருத்து, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கி, இரைப்பை புண்ணாவதைக் கண்டார். ஆனால், மனிதருக்கு வரும் இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமியோ வலி மாத்திரைகளோதான் காரணம் என்பதால், எரிச்சல் நீடித்தால் அழுத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாமல் மருத்துவரை மீண்டும் பாருங்கள். மாலையில் அரை மணி நேர நடையையும், ஒரே நேரத்தில் எழும் வழக்கத்தையும் மார்ச் வரும் முன்பே தொடங்கிவிடுங்கள். மனம் தாளாத நாளில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.